பிஎச்டி இடம் தேடுமுன், பணம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

எம்எஸ்சி கடைசி செமஸ்டரிலோ எம்டெக் புராஜெக்ட் முடியும் நேரத்திலோ இருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். உலகத் தரவரிசைப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாகப் பல்கலைக்கழகங்களைக் குறித்துக்கொள்வது, ஒவ்வொன்றின் இணையதளத்திலும் பிஎச்டி அட்மிஷன் பக்கத்தைத் துழாவுவது, அப்புறம் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும் ஒரே மின்னஞ்சலை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புவது. பதில் வராது. மார்க் போதவில்லை, படித்த கல்லூரிக்குப் பெயர் இல்லை என்று சோர்ந்துபோவார்கள்.

மார்க்கும் கல்லூரியும் எண்ணப்படுவதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதிப் பேர் தோற்பது அங்கே இல்லை. இடமே இல்லாத இடத்தில் தேடித் தோற்கிறார்கள். எம்டெக் சீட்டைப் போல ஆண்டுக்கு இத்தனை என்று பிஎச்டி இடத்தை எண்ணி வைப்பதில்லை. அறிவியலிலும் பொறியியலிலும் ஓர் ஆய்வு இடம் பிறக்க வேண்டுமானால், ஓர் ஆளுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சம்பளம் கொடுக்கும் பணம் யாரிடமாவது வந்து சேர்ந்திருக்க வேண்டும். அது மாணவர் கையில் இருக்கலாம், பேராசிரியர் கையில் இருக்கலாம், துறையின் கையில் இருக்கலாம். நாட்டுக்கு நாடு இது மாறும். விளம்பரம் எங்கே வரும், எந்த மாதம் வரும், யாருக்கு எழுதினால் பயன், யாருக்கு எழுதுவது வீண் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்தே அமைகிறது.

உதவித்தொகை மாணவரோடு வரும் இடம்

இந்தியாவில் அறிவியல் படித்தவர்களுக்கான பெரிய வாசல் சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தேர்வு (சி.எஸ்.ஐ.ஆர். என்பது மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம்). வேதியியல், இயற்பியல், உயிரியல், கணிதம், புவி அறிவியல் என்று ஐந்து பாடங்கள். இதில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர் அந்தப் பணத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறார். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இந்த விகிதம். அதற்கு முன் 2019 முதல் 31,000, 35,000 என்று இருந்தது. அந்த உயர்வும்கூட ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு வந்ததுதான்.

பேராசிரியரின் பக்கம் நின்று யோசித்தால், ஜே.ஆர்.எஃப். மாணவருக்கு அவர் தன் புராஜெக்டிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் கையில் ஜே.ஆர்.எஃப். இருப்பவர் கைடைத் தேர்ந்தெடுக்கிறார், இல்லாதவரை கைடு தேர்ந்தெடுக்கிறார். இது நியாயமா என்பது வேறு கேள்வி. நெட்டில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவர்கள் பக்கத்து ஊர்க் கல்லூரியில் முதலில் ‘சரி’ என்று சொன்னவரிடமே சேர்ந்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அடையாற்றில் தோல் ஆய்வுக்கான சி.எல்.ஆர்.ஐ., காரைக்குடியில் மின்வேதியியலுக்கான சிக்ரி, தரமணியில் கட்டமைப்புப் பொறியியலுக்கான எஸ்.இ.ஆர்.சி. என்று தமிழ்நாட்டிலேயே சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களுக்கு அக்சிர் என்ற சி.எஸ்.ஐ.ஆரின் சொந்தக் கல்வி நிறுவனமே பட்டம் தருகிறது. ஜே.ஆர்.எஃப். இருப்பவர் இவற்றைக் கேட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

வயதைக் கவனியுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃபுக்கு வயது உச்சவரம்பு உண்டு, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் தளர்வு உண்டு. ‘ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு எழுதலாம்’ என்பவர்கள் இந்த வரம்பை மறந்துவிடுகிறார்கள்.

பொறியியல்காரர்களுக்குப் பெரும்பாலும் கேட் தேர்வுதான் வழி. ஐ.ஐ.டி.களில் கல்வி அமைச்சகத்தின் பணத்தில் இதே 37,000, 42,000 கிடைக்கும். பதிலுக்கு இளநிலை மாணவர்களின் லேப், விடைத்தாள், டியூட்டோரியல் என்று கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். இங்கே பணம் நிறுவனத்தின் கையில், ஆகவே தேர்வும் நிறுவனத்தின் கையில்: விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, நேர்காணல். முக்கியச் சேர்க்கை ஜூலை வாக்கில் தொடங்கும் பருவத்துக்கு. ஜனவரிப் பருவத்துக்கும் பல ஐ.ஐ.டி.கள் ஆள் எடுக்கின்றன; அதற்கான விண்ணப்பம் அக்டோபர், நவம்பரில் வரும். போட்டியில் கொஞ்சம் மூச்சு விட இடம் இருப்பது அந்தப் பருவத்தில்தான். இதற்கெல்லாம் மேலே பி.எம்.ஆர்.எஃப். எனும் பிரதமர் ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. 2018 பட்ஜெட்டில் அறிவித்த இந்தத் திட்டம் மாதம் 70,000-இல் தொடங்கி 80,000 வரை தந்தது. கோட்பாட்டு இயற்பியல் என்றால் தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஜெஸ்ட் தேர்வு. உயிரியலுக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையும் மருத்துவ ஆய்வு மன்றமான ஐ.சி.எம்.ஆரும் தனித்தனியே ஜே.ஆர்.எஃப். தருகின்றன.

இவை எதுவும் கிடைக்காதவர்கள் வந்து நிற்கும் இடம் புராஜெக்ட் ஜே.ஆர்.எஃப்., அதாவது பேராசிரியரின் திட்டப் பணத்தில் சம்பளம் வாங்கும் வேலை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் நடப்பதும் நல்ல வாய்ப்புகள் ஒளிந்திருப்பதும் இங்கேதான். விளம்பரம் ஒரு பக்க பிடிஎஃப் ஆக, கல்லூரி இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். புராஜெக்ட் தலைப்பு, நிதி தரும் அமைப்பு (டி.எஸ்.டி., இஸ்ரோ, முன்பு எஸ்.இ.ஆர்.பி., இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் ஏ.என்.ஆர்.எஃப்.), இடம் ஒன்று, நேர்காணல் தேதி, பயணப்படி கிடையாது. நடுவில் ஒரு வரி: ‘மூன்று ஆண்டு அல்லது திட்டம் முடியும் வரை, எது முன்னதோ அதுவரை.’

அந்த வரியில்தான் எல்லாம் இருக்கிறது. திட்டத்துக்கு நிதி வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தால், முதலில் சேர்ந்தவர் வெளிநாடு போய்விட்டதால் இப்போது ஆள் தேடுகிறார்கள் என்றால், உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒன்றரை ஆண்டுதான். ஆகவே நேர்காணலில் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: இந்தத் திட்டம் எப்போது தொடங்கியது? இந்த செமஸ்டரிலேயே பிஎச்டி பதிவு செய்ய முடியுமா? திட்டம் முடிந்தபின் என் சம்பளம் எங்கிருந்து வரும்? ‘பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் பார்த்துக்கொள்ள எதுவும் இல்லை என்று அர்த்தம். நல்ல பேராசிரியர் நேராகச் சொல்லிவிடுவார்: ‘இரண்டு ஆண்டுக்கு இருக்கிறது, அதற்குள் நீ நெட் எழுதிவிடு.’ இது மோசமான பேரம் இல்லை. லேப் அனுபவம், ஒரு கட்டுரை, தேர்வுக்குப் படிக்கச் சம்பளத்தோடு அவகாசம். அந்த வகையில் சேர்ந்து மேலே வந்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் உதவித்தொகை மாதா மாதம் முதல் தேதி வருவதில்லை. மூன்று, நான்கு மாதம் நின்று மொத்தமாக வருவது சர்வசாதாரணம். வீட்டில் அந்தப் பணத்தை நம்பி யாரும் இருந்தால் முதல் அரையாண்டுக்குக் கைவசம் ஏதாவது வைத்திருப்பது நல்லது.

பிஎச்டி ஒரு வேலையாக இருக்கும் இடம்

ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன், நார்வே பக்கம் போனால் கதையே வேறு. அங்கே பெரும்பாலான ஆய்வு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். ஒப்பந்தம், விடுமுறை, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உண்டு. ஆகவே பிஎச்டி அட்மிஷன் பக்கத்தைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், நார்வேக்கு ஜாப்நார்கே, ஐரோப்பா முழுவதற்கும் யூராக்ஸெஸ் என்ற தளங்கள் இருக்கின்றன. ஆண்டு முழுக்க விளம்பரம் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் சில வாரமே திறந்திருக்கும்.

ஒரு ஜெர்மன் விளம்பரத்தைப் பிரித்துப் படித்துப் பார்ப்போம். ‘டிவி-எல் இ13, 65 சதவீதம், மூன்று ஆண்டு’ என்று இருக்கும். இ13 என்பது மாநில அரசுகளின் ஊதிய அட்டவணையில் முதுகலைப் பட்டதாரிக்கான படி. 2025-இல் அதன் தொடக்க நிலை முழு வேலைக்கு மாதம் சுமார் 4,600 யூரோ. 65 சதவீதம் என்றால் 3,000 யூரோ வாக்கில். வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் போகக் கைக்கு 2,000 யூரோவைக் கொஞ்சம் தாண்டி வரும். சதவீதம் ஒப்பந்த நேரத்தைக் குறிக்கிறது. 65 சதவீதம் என்பதால் மதியத்துக்குமேல் வீட்டுக்குப் போய்விடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிரியல், வேதியியலில் 65 அல்லது அதற்குச் சற்று மேல், கணினி அறிவியல், இயந்திரவியல், மின்னியலில் பெரும்பாலும் நூறு. காரணம் எளிது: கணினி முடித்தவரைப் பாதிச் சம்பளத்துக்குக் கூப்பிட்டால் அவர் கம்பெனிக்குப் போய்விடுவார். உயிரியல் முடித்தவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்த விளம்பரங்களுக்கு எழுதும்போது நம்மவர்கள் செய்யும் தவறு, பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதுவது. இது வேலை விண்ணப்பம். விளம்பரத்தில் கேட்ட நான்கு திறன்களில் உங்களுக்கு எவை தெரியும், எதில் என்ன செய்திருக்கிறீர்கள் என்பதே கவர் லெட்டர். ஜெர்மனியில் பொதுவாக முதுகலைப் பட்டம் எதிர்பார்ப்பார்கள்; நான்கு ஆண்டு பி.இ. மட்டும் போதாது. மேக்ஸ் பிளாங்க் நிறுவனங்களின் ஐ.எம்.பி.ஆர்.எஸ். எனும் ஆய்வுப் பள்ளிகள் மட்டும் கொஞ்சம் வேறு. அவை பல பேராசிரியர்களுக்குச் சேர்த்து, குறித்த தேதியில் ஒரே தேர்வாக நடத்தும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வடோவ்ஸ்கா-கியூரி டாக்டோரல் நெட்வொர்க் இடங்களுக்குத் தனிப் பத்தி கொடுக்கலாம். ஒரு தலைப்பில் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மாணவர்களை எடுக்கும். சம்பளம் நல்ல சம்பளம், எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். ஒரே ஒரு விசித்திர விதி: சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக்கூடாது. திருச்சியில் எம்எஸ்சி முடித்தவருக்கு ஐரோப்பா முழுவதும் திறந்திருக்கிறது. இரண்டு ஆண்டு ஜெர்மனியில் எம்எஸ் படித்து முடித்த அவருடைய அண்ணனுக்கு ஜெர்மனி இடம் கிடையாது, பக்கத்தில் பெல்ஜியம் இடம் உண்டு. இந்த விதி தெரியாமல் விண்ணப்பித்து முதல் வடிகட்டலிலேயே விழுகிறவர்கள் ஏராளம்.

துறையும் பேராசிரியரும் பாதிப் பாதி

அமெரிக்காவில் விண்ணப்பம் துறைக்கு. கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில், சேர்வது அடுத்த ஆகஸ்டில். இளங்கலையிலிருந்தே நேராக பிஎச்டிக்குப் போகலாம். நான்கு ஆண்டு பி.இ.க்கும் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கும் இது நேரடி வழி. பணம் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. வேதியியல், கணிதம், இயற்பியல் துறைகள் ஆயிரக்கணக்கான இளங்கலை மாணவர்களுக்கு லேபும் கால்குலஸும் நடத்த ஆள் தேவைப்படுவதால் ஆய்வு மாணவர்களை டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) ஆக எடுத்துச் சம்பளம் தருகின்றன. அங்கே தேர்வு செய்வது குழு. பேராசிரியருக்கு முன்கூட்டி எழுதினால் கெடுதல் இல்லை, பெரிய லாபமும் இல்லை. பேச்சு ஆங்கில மதிப்பெண்ணை அவர்கள் அவ்வளவு பார்ப்பதற்குக் காரணமும் இதுதான், முதல் செமஸ்டரிலேயே நீங்கள் வகுப்பில் நிற்க வேண்டும். பொறியியலில் நிலைமை தலைகீழ். பணம் பேராசிரியர் வாங்கிய ஆய்வு நிதியில், அதாவது கிராண்டில் இருக்கிறது, ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) ஆக எடுப்பவர் அவர். ‘எனக்கு இந்த மாணவர் வேண்டும்’ என்று அவர் சொல்லாவிட்டால் குழு என்ன நினைத்தாலும் இடம் வராது. அங்கே முன்கூட்டி எழுதியே ஆக வேண்டும்.

அந்த கிராண்ட் பணமே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். தன் நிதியில் பல்கலைக்கழகங்களின் மறைமுகச் செலவுக்கு (கட்டடம், நிர்வாகம் போன்றவை) 15 சதவீதம்தான் என்று வரம்பு அறிவித்தது, நீதிமன்றம் தடுத்தது. ஆனால் கலக்கம் பரவிவிட்டது. பல துறைகள் அந்த ஆண்டுச் சேர்க்கையைக் குறைத்தன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, கொடுத்த சேர்க்கைகளையே திரும்பப் பெற்றது. அமெரிக்காவை மட்டும் நம்பி 12 இடத்துக்குக் கட்டணம் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுவதற்கு இது போதுமான காரணம். ஒரு விண்ணப்பத்துக்கு 100 டாலர் வாக்கில் ஆகும். கட்டண விலக்கு கேட்டால் சில பல்கலைக்கழகங்கள் தரும். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பிரிட்டனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசின் ஆய்வு நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ. தரும் நிதி உதவி 2021 முதல் வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் சேர்க்கையில் 30 சதவீதத்துக்கு மேல் அவர்கள் இருக்கக்கூடாது. மற்ற உதவித்தொகைகளில் கட்டண வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுக் கட்டணத்தை மட்டுமே உதவித்தொகை ஏற்கும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால், மீதி ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் உங்கள் தலையில். ‘முழு நிதி’ என்ற தலைப்பை நம்பாமல் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

விளம்பரம் வருமுன் போவது

பணத்தைப் பின்தொடர்வது என்று முடிவு செய்துவிட்டால், விளம்பரம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வு பெரும்பாலும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நிதிக்கு கார்டிஸ், ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி. நிதிக்கு கெப்ரிஸ், அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப். நிதிக்கு அவர்களுடைய அவார்ட் தேடல், என்.ஐ.எச். நிதிக்கு ரிப்போர்ட்டர். நான்கும் இலவசம். உங்கள் தலைப்பை இட்டுத் தேடினால் யாருக்கு, எந்த ஆண்டு, எவ்வளவு கிடைத்தது என்று வந்துவிடும். ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுவின் ஸ்டார்ட்டிங் கிராண்ட் முடிவுகள் வழக்கமாக செப்டம்பரில் வெளியாகும். ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை. அதைப் பெற்ற இளம் பேராசிரியர் இரண்டு மூன்று மாணவர்களையாவது எடுத்தாக வேண்டும். அவருடைய விளம்பரம் இன்னும் எழுதப்படவே இல்லை. அந்த வாரம் உங்கள் மின்னஞ்சல் போனால், பெரிய பேராசிரியரின் நானூறாவது மின்னஞ்சலாக அது இருக்காது. அமெரிக்காவில் என்.எஸ்.எஃப். கேரியர் விருது பெற்றவர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்து தொடக்க நிதி வாங்கிய உதவிப் பேராசிரியர்களும் இதே நிலையில் இருப்பவர்கள். நோபல் வாங்கியவரின் லேபைவிட இவர்களுடைய லேபில் கவனிப்பும் அதிகம் கிடைக்கும், வேலையும் அதிகம் வாங்குவார்கள். என்னைக் கேட்டால் அதுவே நல்லது.

மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும்? வினையூக்கிகளில் வேலை செய்த ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். ‘உங்கள் கட்டுரைகளால் மிகவும் ஈர்க்கப்பட்டேன்’ என்று அவர் எழுதினால் குப்பைக்குப் போகும். இப்படி எழுதினால் படிப்பார்கள்: ‘என் எம்எஸ்சி புராஜெக்டில் நிக்கல் வினையூக்கியை 600 டிகிரியில் ஓட்டியபோது சில மணி நேரத்தில் செயல்திறன் பாதியானது. எக்ஸ்ஆர்டியில் நிக்கல் முகடுகள் கூர்மையாகியிருந்தன, துகள்கள் ஒன்றுசேர்ந்து பெருத்திருக்க வேண்டும். உங்கள் புதிய திட்டத்தில் இதைத் தாங்கும் பொருளைத் தேடுவதாகப் பார்த்தேன். அதில் பிஎச்டி இடம் திறக்குமா?’ ஐந்தாறு வரி, ஒரு சிவி, அவ்வளவுதான். புராஜெக்ட் தோற்றதைக்கூடச் சொல்லலாம். ஏன் தோற்றது என்று தெரிந்து சொல்பவர்தான் அவர்களுக்கு வேண்டும்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் எழுதாத ஒரு விஷயம், சிபாரிசுக் கடிதம். ‘நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்து போட்டுத் தர்றேன்’ என்பார் பேராசிரியர். மாணவர் மூன்று பேருக்கும் தானே எழுதுவார். மூன்றிலும் ஒரே ‘ஹார்டுவொர்க்கிங் அண்ட் சின்சியர்’. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் இதை வருடா வருடம் பார்க்கிறார்கள், முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பேராசிரியருக்கு நேரம் இல்லை என்றால், நீங்கள் அவர் லேபில் என்ன செய்தீர்கள் என்று அரைப் பக்கக் குறிப்பு கொடுத்து, அதை வைத்து அவரையே எழுதச் சொல்லுங்கள். ஜிமெயிலைவிட நிறுவன மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். பல விண்ணப்பத் தளங்கள் அதைத்தான் கேட்கின்றன.

ஏஜென்ட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சிகளுக்கு வருமானம், கட்டணம் கட்டிச் சேரும் மாணவர் மூலம் பல்கலைக்கழகம் தரும் கமிஷன். நிதியோடு கூடிய பிஎச்டியில் நீங்கள் கட்டணமே கட்டுவதில்லை, ஆகவே கமிஷனும் இல்லை. அதனால்தான் அங்கே போய் பிஎச்டி என்று கேட்டால் ‘முதல்ல எம்எஸ் பண்ணுங்க’ என்பார்கள், இல்லாவிட்டால் சொந்தப் பணத்தில் படிக்கும் பிஎச்டியைக் காட்டுவார்கள். ‘பேராசிரியரிடம் பேசி இடம் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இடம் கிடைத்த பின் ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டியவை சில. அமெரிக்கா என்றால் சம்பளம் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா. கோடைக்கு யார் தருவார்கள். கட்டண விலக்கு போக மிச்சம் இருக்கும் துறைக் கட்டணங்கள் எவ்வளவு. மருத்துவக் காப்பீடு அதில் அடங்குமா. ஐரோப்பா என்றால் ஒப்பந்தம் முதலில் எத்தனை மாதத்துக்கு, நீட்டிப்பு எதைப் பொறுத்தது. இந்தியா என்றால் ஐந்தாம் ஆண்டு முடிந்தும் ஆய்வேடு முடியாவிட்டால் என்ன. உடனே முடிவு சொல்லுங்கள் என்று அமெரிக்கத் துறை ஏதாவது நெருக்கினால், கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் அமைப்பின் ஏப்ரல் 15 தீர்மானத்தில் அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திட்டிருந்தால், நிதி உதவியோடு வந்த இடத்துக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அதுவரை மற்ற இடங்களின் முடிவுக்குக் காத்திருக்கலாம். வேண்டாம் என்று தீர்மானித்த இடத்துக்கு மட்டும் அன்றே எழுதிவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் இன்னொருவர் இருப்பார்.